அழிக்கவா, இருக்கட்டுமா

“…பேச வராதுன்னா, வேண்டாம்னு சொல்லவும் வராதுன்னு அர்த்தமா அண்ணாச்சி? அவுக முகம் படத்துல இருக்குல்லா? அப்பம் அவுககிட்டயும் கேக்கணும்லா?” என்று என்னை மறித்துக் கேட்டாள் அந்தப் பெண். திரேஸ்புரத்தில், லூர்து அக்கா வீட்டு முடுக்கில் நின்றிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

நான் சொன்னது பெரிய குற்றமில்லை. வாதம் வந்து வாயும் போய்க் கட்டிலில் கிடக்கிற மனுசனிடம் போய்ப் படம் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்பது வேண்டாத வேலை, அக்கா பார்த்துச் சரி சொன்னால் போதாதா என்றேன். அதற்குத்தான் இந்த எதிர்க்கேள்வி. அவளோடு பழகிய நாளெல்லாம் எனக்கு இதே பாடுதான்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. படிப்பு முடித்து இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறாள். உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். “எழுதுங்க அண்ணாச்சி, பேர மட்டும் அழிச்சிருங்க” என்றாள். வேறென்ன சொல்வாள்? கூடப் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே ரப்பர்.

அவர்கள் கல்லூரியில் சில பிள்ளைகள் சேர்ந்து ஒரு காரியம் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றுகிறவர்கள், பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர் கொடுக்கிறவர்கள், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் என்று ஊரில் சத்தமில்லாமல் நடக்கிறதையெல்லாம் தேடிப்போய்ப் பேசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் எடுப்பது. படத்தைப் பார்த்து ஊருக்குத் தெரியட்டும், உதவுகிறவர்கள் உதவட்டும் என்று எண்ணம். சம்பளம் கிடையாது, மார்க்கும் கிடையாது. விடுமுறை நாளில் வெயிலில் அலைவது ஒன்றுதான் மிச்சம்.

அப்படித்தான் எங்களிடமும் வந்தார்கள். எங்களுடையதை அமைப்பு என்று சொன்னால் எங்களுக்கே சிரிப்பு வரும். பெயர்ப்பலகை இல்லை, தலைவர் இல்லை. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து வீல் சேர், வாக்கர், வாட்டர் பெட், தலைமாட்டைத் தூக்கி வைக்கிற இரும்புக் கட்டில் இதையெல்லாம் வாங்கி, என் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் யாராவது படுத்துவிட்டால் வந்து எடுத்துப் போவார்கள். தேவை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். எங்களுக்குச் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். திரும்பி வந்த சாமானை, ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது. படுத்தவர் எழுந்து நடந்துவிட்டாலும் கட்டில் திரும்பி வரும். எழுந்திருக்காமலே போனாலும் வரும். அதனால் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்க்காமல், “அங்கன வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கப் போய்விடுவோம். நல்ல சேதியாக இருந்தால் அவர்களே மக்ரூன் பொட்டலத்தோடு வந்து சொல்வார்கள்.

கேட்கவே கூடாது என்கிற எங்கள் கடைக்கு, கேட்காமல் ஒரு அடி நகராத பெண் வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் அவளும் ஜெனிட்டாவும் வந்தார்கள். ஜெனிட்டா அவள் வகுப்புத் தோழி. கேமரா, எடிட்டிங் எல்லாம் அவள் பொறுப்பு. பேசுவது, கேட்பது இவள் பொறுப்பு. நான் பேச உட்கார்ந்தால் நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை. கடைக்கு வந்தவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பேசினேன். முடிந்ததும் கிளம்புவார்கள் என்று பார்த்தால், இவள் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டி, நான் பேசியதை எனக்கே போட்டுக் காட்டினாள்.

நம் குரலை நாம் கேட்பது, நம் முதுகை நாமே பார்க்கிற மாதிரி. எனக்கு என் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் அவள் நிறுத்தினாள். எங்கள் கூட்டத்தில் இருக்கிற அரிசிக் கடைக்காரரைப் பற்றி நான் சொன்ன இடம் அது. “அவரு ஒரு வாக்கர வாங்கிக் குடுத்துட்டு, அத ஊரெல்லாம் நடந்து போய்ச் சொல்லிட்டு வருவாரு.”

“இத அவுக கேட்டா சிரிப்பாகளா அண்ணாச்சி?”

யோசித்தேன். “கேக்கும்போது சிரிப்பாரு. வீட்டுக்குப் போனபெறகு சிரிக்க மாட்டாரு.”

“அழிக்கவா, இருக்கட்டுமா?”

அதுதான் அவள் கேள்வி. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் அவள் இதைக் கேட்பதைப் பார்த்துவிட்டேன். குரலில் ஒரு பக்கச் சாய்வும் இருக்காது. கடையில் ஆணி வாங்க வருகிறவரிடம் ஒன்றரை இஞ்சா, ரெண்டு இஞ்சா என்று நான் கேட்பதுபோலத்தான் கேட்பாள்.

அழி என்று சொல்லிவிட்டேன். போனை என் பக்கம் திருப்பி, என் கண் முன்னாலேயே அந்த இடத்தை வெட்டினாள். “பாத்துக்கோங்க, போயிட்டு.” பிறர் சொல்லுகிற நல்ல வார்த்தைகளை நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டே திரிகிறவன் நான். அப்படிப்பட்டவனுக்கு, சொந்த வார்த்தை ஒன்று கண் முன்னால் போவது, வலையில் வந்த மீனை எடுத்துத் திரும்பக் கடலிலே விடுகிற மாதிரி இருந்தது. ஜெனிட்டா மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள்: “இவகூட வந்தா இப்படித்தான் அண்ணாச்சி. எடுக்கிறது ஒரு சட்டி, மிஞ்சுறது ஒரு கரண்டி. அதான் ரப்பர்னு கூப்பிடுதோம்.”

இவள் கோபப்படவில்லை. “ரப்பர் தேயும்லா, நான் தேயல பாத்தியா” என்று சிரித்தாள்.

ஊரில் யார் யார் என்னென்ன நல்ல காரியம் செய்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும் என்பதால், அதற்குப் பிறகு என் குட்டியானை வண்டியிலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். கடையை வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். “சாமான் ஏத்துற வண்டியில இப்பம் கதை ஏத்துதாரு” என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அதை யாரும் அழிக்கவில்லை.

திருச்செந்தூர் ரோட்டில் மோர்ப் பந்தல் போடுகிற ஒரு அண்ணாச்சி இருந்தார். பெரிய மனசுக்காரர், அதைவிடப் பெரிய வாய்க்காரர். பாதயாத்திரை போகிறவர்களுக்கு வருசா வருசம் மோர் ஊற்றுகிறார். அவரைப் பேச விட்டதும் மோரை விட்டுவிட்டு அவரைப் பற்றியே பேசித் தீர்த்தார். முடித்ததும் இவள் வழக்கப்படி ஹெட்போனை மாட்டினாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, “என்னளா, வாயத் தொறந்தா நான் நான்னே சொல்லியிருக்கேன்? எல்லாத்தையும் அழி. இனி அடக்கமாப் பேசுதேன், எடு” என்றார்.

எடுத்தாள். இரண்டாவது தடவை, தான் எவ்வளவு அடக்கமான ஆள் என்பதைப் பற்றி முதல் தடவையைவிட நீளமாகப் பேசினார்.

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். இவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதையும் போட்டுக் காட்டி, அழிக்கவா இருக்கட்டுமா என்று கேட்டாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார். பிறகு தானே சிரித்துவிட்டார். “விடு தாயி. நான் மோரு ஊத்துதேன். அத மட்டும் எடுத்துட்டுப் போ.” கடைசியில் படத்தில் மிஞ்சியது பானைக்குள் கரண்டி இறங்குகிற சத்தம், தார் ரோட்டில் கொப்பளித்த பாதங்கள், “குடிச்சிட்டுப் பாத்துப் போங்க” என்கிற அவர் குரல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருசம் நிறையப் பேர் அவர் பந்தலில் உதவிக்கு வந்து நின்றார்கள்.

ஆனால் அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் அன்றைக்கு நினைத்தேன் என்று எண்ண வேண்டாம். அவர்கள் பேராசிரியருக்கும் அப்படித்தான். ரத்தமும் சதையுமாகக் கிடைத்ததை வழியிலேயே உதிர்த்துவிட்டு எலும்பைக் கொண்டுவருகிறாய் என்று திட்டினாராம். அதை எனக்குச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று, எங்கள் சட்டத்தை மீறி, திருச்செந்தூரிலிருந்து திரும்பி வருகிற வழியில் கேட்டேவிட்டேன்.

அவள் ஏரல் பக்கத்துப் பெண். ஆற்றங்கரை வயல்காட்டுக் குடும்பம். வெள்ளம் வந்த வருசம் அவர்கள் வீட்டிலும் மார்பளவுக்குத் தண்ணீர். மூணாவது நாள் ரோட்டில் அரிசி கொடுக்கிறார்கள் என்று அவள் அம்மா போய் நின்றிருக்கிறாள். உடுத்தியிருந்தது பக்கத்து வீட்டு நைட்டி, தலை விரிந்து கிடந்தது, கையில் ஒரு வாளி. கொடுக்க வந்தவர்களில் யாரோ நல்ல மனசோடு அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது கைக்குக் கை போய், பம்பாயில் இருக்கிற சித்தி பார்த்து அழுது, அம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது.

“தண்ணி வடிஞ்சி, வீட்டுக்கு வெள்ள அடிச்சி, வயல்ல நடவும் முடிஞ்சி அறுப்பும் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. அந்தப் போன்ல மட்டும் எங்கம்மா இன்னும் அந்த வரிசையிலதான் நிக்கா.”

இதைச் சொல்லும்போது ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேவையில்லாமல் கியரை மாற்றினேன்.

அழிப்பதில் அவளுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தவன், பெரியதாழைக்குப் போன பிறகு அந்த எண்ணத்தையும் மாற்றிக்கொண்டேன். அங்கே பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒரு அக்கா, தன் வீட்டுக்காரரின் குடியைப் பற்றி கேமரா முன்னாலேயே போட்டுடைத்தாள். கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். இவளுக்கு நிம்மதி இல்லை. ஆத்திரத்தில் சொன்னதோ என்னவோ என்று, அடுத்த வாரம் தனியாக பஸ் ஏறிப் பெரியதாழை வரைக்கும் போய் இன்னொரு தடவை கேட்டாள். அந்த அக்கா சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் இனிக்கும். “அவருட்ட நான் நேர்லயே சொல்லியாச்சி, இதவிடச் சத்தமா. நீ வச்சிக்க.” படத்தில் அது அப்படியே இருக்கிறது.

இனி லூர்து அக்கா.

திரேஸ்புரத்தில் வீடு. அவள் வீட்டுக்காரர் இளம் வயதில் தோணியில் சரக்கேற்றி மாலத்தீவுக்குப் போய்வந்தவர், பிறகு கரையோடு மீன்பாடு. அவர்கள் மகன் ரீகன், படித்து முடித்து முதல் தடவையாக வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்கு ஏறிப் போன கொஞ்ச நாளில் அவர் விழுந்துவிட்டார். வாதம் முதலில் லேசாக வந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுத்து வந்தது வலது பக்கத்தையும் வாயையும் எடுத்துக்கொண்டது. கட்டிலும் வாட்டர் பெட்டும் நாங்கள்தான் கொண்டுபோய்ப் போட்டோம்.

அக்கா இதை மகனுக்குச் சொல்லவில்லை. அவன் போன் பண்ணும்போதெல்லாம் ஒவ்வொரு சாக்கு. அப்பா கடலுக்குப் போயிருக்காக, அப்பா இப்பந்தான் கண்ணசந்தாக, அப்பா கை வலையில இருக்கு. ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலையணை ஓரத்தில் வைத்துவிடுவாள். மகன் பேசி முடிக்கிற மட்டும் அவர் கண்ணைச் சிமிட்ட மாட்டாராம். இதையெல்லாம் அவள் எங்கள் கட்டிலைப் பற்றிய படத்துக்காகச் சொன்னாள். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக இவள், மகனுக்கு ஏன் சொல்லல என்று கேட்டாள்.

அக்கா சொன்னதை இங்கே எழுதுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வாசித்தும் காட்டினேன். ஒரு வரி வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். மிச்சம் இது:

“இவுக சின்ன வயசுல பெரிய கப்பலுக்கு ஆள் எடுத்தாகன்னு கொச்சி வரைக்கும் போயிருக்காக. அங்க இருக்கும்போது அப்பாவுக்கு முடியலன்னு சேதி. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துட்டாக. அவுக அப்பா நல்லா எந்திரிச்சி நடந்துட்டாரு, இவுகதான் கரையிலேயே கெடந்துட்டாக. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சி, அவனத் திருப்பிராதன்னு சத்தியம் வாங்கிட்டாக. இத என் மவன் கேட்டா இவுகமேல கோவப்படுவான். கெடையில கெடக்கிற மனுசன்மேல கோவப்பட்டு அத அவன் எங்க கொண்டு வைப்பான்? என்மேல படட்டும். நான் நடமாடுதவதானே.”

இந்தப் படம் இந்த ஒரு இடத்துக்காகவே நிற்கும் என்று நினைத்தேன். இவள் அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள். அக்கா கேட்டுவிட்டு, அந்த எடம் வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாகத் திரும்பவும் கேமராவைப் பார்த்து, “ஏனோ தோணல” என்று மட்டும் சொன்னாள். இவள் மற்றதை அங்கேயே அழித்துக் காட்டினாள். ஜெனிட்டா தலையில் கை வைத்தாள்.

முடுக்கைத் தாண்டியதும் இவள் என் பக்கம் திரும்பினாள். “போன்லயும் கேமராவுலயும் அழிச்சாச்சி. உங்க வாயிலயும் அழிச்சிருங்க அண்ணாச்சி.”

என் வாயைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து ரீகன் லீவில் வந்தான். வருகிற வழியிலேயே தெருக்காரன் யாரோ சொல்லி விசயம் தெரிந்துவிட்டது. வந்தவன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவிடம் ஏன் சொல்லல என்று கேட்டான். அவள் படத்தில் சொன்னதையே சொன்னாள். தோணல. அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். அப்பாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவன்தான். சாப்பாடு மட்டும் வெளியில். கப்பலேறுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த லீவுக்கு ஊருக்கு வரப்போவதில்லை என்று தெருவில் சொல்லியிருக்கிறான். அக்கா என் கடைக்கு வந்து, வேறு எதையோ வாங்குவதுபோல நின்றுகொண்டு சொன்னாள்: “பேசாண்டாம். சாப்புடாண்டாம். கடலுக்குப் போறவன் முகத்தத் திருப்பிட்டுப் போவக் கூடாதுய்யா. அது ஒண்ணுதான் எனக்கு.”

நீயே உள்ளதைச் சொல்லேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ரீகனே வந்தான். கட்டிலின் சக்கரம் ஒன்று ஓடவில்லை, மாற்ற வேண்டும் என்று வந்தான். சக்கரத்தைக் கையில் வாங்கிய பிறகும் போகவில்லை. “கட்டிலு வீட்டுக்கு வந்த அன்னைக்கி நீங்கதான வந்தீங்க அண்ணாச்சி? வெளியாளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. என்னைய மட்டும் வெளியாளா ஆக்கிட்டாங்க. எங்கம்மா ஏன் என்கிட்ட சொல்லல? உங்களுக்குத் தெரியும்லா?”

அக்கா சொன்ன அத்தனை வார்த்தையும், ஒன்று விடாமல், என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அம்மாட்ட கேளுப்பா என்றேன். கேட்டாச்சி, தோணலயாம் என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அவளுக்குப் போன் போட்டேன். அன்றைக்குத்தான் அவளிடம் உண்மையாகவே கோபப்பட்டேன். நீ அழிக்காமல் இருந்திருந்தால் இந்தப் பையன் படத்தில் பார்த்தே புரிந்துகொண்டிருப்பான், இப்போது அது என் வாயில் மட்டும்தான் இருக்கிறது, நான் சொல்லப் போகிறேன் என்று கத்தினேன். அவள் முழுசும் கேட்டாள்.

“நீங்க சொன்னா என்ன ஆகும் அண்ணாச்சி? அம்மா என்கிட்ட சொல்லாதத வெளியாள்ட்ட சொல்லியிருக்கான்னு அவருக்கு இன்னொண்ணு கூடும். அவ்வளவுதான்.”

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அவள் சொன்னது சரி. சரி என்பதால் இன்னும் பாரமாக இருந்தது. படம் முடிந்துவிட்டது, கல்லூரியில் போடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் காட்ட வேண்டும், நாளைக்கு வாரேன் என்று வைத்துவிட்டாள்.

அப்படி வந்த அன்றைக்குத்தான் முடுக்கில் என்னை மறித்து அந்தக் கேள்வியைக் கேட்டது. மனசுக்குள் ஏதாவது கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாளா, இல்லை எல்லோரிடமும் காட்டுகிற மாதிரி அவரிடமும் காட்டத்தான் வந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை. அந்த விசயத்தில் மட்டும் எங்கள் கடைச் சட்டத்தைக் காப்பாற்றி வருகிறேன்.

ஜெனிட்டாவும் கேமராவோடு வர, உள்ளே போனோம்; நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி, அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ரீகன் பின்வாசல் நிலையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா அடுப்பங்கரையில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இவள் தலைமாட்டு ஓரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, லேப்டாப்பை அவர் பார்க்கிற மாதிரி மடியில் வைத்தாள். “உங்களையும் எடுத்திருக்கோம்ப்பா. பாத்துட்டுச் சொல்லுங்க” என்று, பேசுகிறவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

படம் ஓடியது. என் பீத்தல் வந்தபோது அவருடைய பாதி முகம் சிரித்தது. பிறகு அக்காவின் குரல். போனைத் தலையணை ஓரத்தில் வைப்பதைப் பற்றி அவள் சொன்னபோது ரீகன் தலையைத் தூக்கினான். அவன் பேசியதையெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கு அந்த நிமிசம் வரை தெரியாது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு அடி உள்ளே வந்து நின்றான்.

படத்தில் இவள் கேட்கிற கேள்வி வந்தது. “ஏனோ தோணல” என்றாள் படத்து அக்கா.

கட்டிலின் இரும்புக் கம்பியில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. அவருடைய இடது கை.

இவள் படத்தை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப ஓட்டினாள். அதே இடத்தில் அதே அடி. அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். “வெளிச்சம் கண்ணக் கூசுது போல, நிறுத்திருளா.” இவள் அக்காவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“இந்த எடமாப்பா? அழிக்கவா, இருக்கட்டுமா?”

அவர் அந்தக் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். வாய் கோணி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. “நா… நா…”

விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தம். ரீகன் கட்டில் பக்கத்தில் வந்துவிட்டான். “நீங்களாப்பா? நீங்களா சொல்லாதன்னீங்க?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூடித் திறந்தார்.

சூட்டுச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் திரிந்தவன் மாதிரி இருந்தேன் அத்தனை நாளும். அது இறங்கிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லாமலே இறங்கிவிட்டது.

இவள் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினாள். “அக்கா, அவுக இது வேண்டாங்காக. ஆனா சொன்னது நீங்க. என்ன செய்ய?”

அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அழி. அது பொய்தான்.” இவள் அழித்தாள். வழக்கம்போல அவரிடம் திருப்பிக் காட்டினாள். “போயிட்டுப்பா.” கல்லூரியில் பிறகு அந்தப் படத்தைப் போட்டபோது அந்த இடத்தில் கேள்வி மட்டும் இருந்தது, பதில் இல்லை. ஏதோ மெசின் கோளாறு என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில், அக்கா துடைத்த முகத்தோடு நிமிர்ந்தாள். “உள்ளதச் சொல்லிருதேன். எடுத்துக்க ஏளா” என்றாள். சொன்னது இவளிடம், பார்த்துக்கொண்டிருந்தது ரீகனை. ஜெனிட்டா சட்டென்று கேமராவைத் தூக்கினாள். நானும் வாசற்படியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். போன வார்த்தை திரும்பி வருகிறது, அதுவும் சொன்னவள் வாயாலேயே, விருப்பத்தோடு. இதைவிட என்ன வேண்டும்?

இவள் ஜெனிட்டாவின் கேமராவை உள்ளங்கையால் மெதுவாகக் கீழே அமுக்கினாள். லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் ரீகன் பக்கம் தள்ளினாள்.